கடை திறக்குமுன் கல்லாவைச் சோதித்தல்



தமிழகத்திற்கு வெளியே வாழும் நம்மவர் பலருடைய இல்லங்களில் இன்று ஒரு சிறு தொழில் முளைத்திருப்பதைக் காண்கிறோம். தில்லியின் கரோல்பாக், ராமகிருஷ்ணபுரம், மும்பையின் மாதுங்கா, செம்பூர், கொல்கத்தாவின் லேக் மார்க்கெட் முதலிய பகுதிகளில் வாழும் குடும்பத்தினர், வீட்டிலேயே சாம்பார்ப் பொடி இடித்தும், வடகம் காயவைத்தும், முறுக்குச் சுற்றியும் அவற்றைப் பிற நகரங்களிலுள்ள தமிழருக்கு அனுப்பி வைக்கின்றனர். இசை வகுப்பு நடத்துவோர் உண்டு. பொங்கல் விழாவிற்கு நுழைவுச்சீட்டு விற்கும் மன்றத்தார் உண்டு. தொடக்கத்தில் தெரிந்தவர் தெரிந்தவருக்கு விற்பதாக இருக்கும் இம்முயற்சி சற்றே வளர்ந்ததும், இணையத்தில் ஒரு கடை திறந்து, வாங்குவோர் அங்கேயே பணத்தைச் செலுத்தும்படி செய்யவேண்டும் என்ற ஆவல் எழுவது இயல்பே.

கடையின் பெயரைப் பற்றி எவ்வளவோ யோசிக்கிறோம். படங்களை அழகுற எடுக்கிறோம். ஆனால் பணம் உள்ளே வரும் வழியையும், அதைவிட முக்கியமாக, வந்த பணம் வெளியே திரும்பிச் செல்லும் வழியையும் கடை திறக்குமுன் ஒருமுறையேனும் நடந்து பார்ப்பவர் மிகச் சிலர். வருகிற வழி சரியாயிருந்தால் போகிற வழியும் சரியாயிருக்கும் என்று எண்ணிவிடுகிறோம். அவ்வாறு எண்ணுவதற்கு இடமில்லை என்பதையே இன்று விளக்க முற்படுகிறோம்.

முதலில், நம் பெற்றோர் நன்கறிந்த ஒரு பழைய ஏற்பாட்டை நினைவுகூர்வோம். இந்நாட்டு அஞ்சல் நிலையங்கள் 1880ஆம் ஆண்டு மணியார்டர் அலுவலைத் தாமே ஏற்றுக்கொண்டன. வெளியூரில் வேலை பார்த்த மகன் ஊரிலிருந்த தாய்க்குப் பணம் அனுப்பும்போது தொகையோடு கமிஷனும் சேர்த்துக் கட்டுவான். தாய் வேறூர் சென்றிருந்து மணியார்டர் திரும்பி வந்தால், தொகை அவன் கைக்குத் திரும்பும், கமிஷன் திரும்பாது. அஞ்சல்காரர் நடந்த நடை நடந்ததுதானே என்பது அதற்குள்ள நியாயம். இன்றைய இணையவழிப் பணப்பரிமாற்றத்தில் அஞ்சல்காரர் இல்லை. ஆயினும் அந்தக் கமிஷன் இருக்கிறது. ஒரு வேறுபாடு மட்டும் உண்டு. அன்று கமிஷனைக் கட்டியவர் பணம் அனுப்பியவர். அவருக்கு அது தெரியும். இன்று பெரும்பாலும் அதைச் சுமப்பவர் பணம் பெறுகிறவர். அவருக்கே அது தெரியாமலிருப்பதும் உண்டு.

போபாலில் உள்ள ஒருவர் மாதுங்காவில் உள்ள ஓர் அம்மையாரின் கடையில் 500 ரூபாய்க்குப் பொடிவகைகள் வாங்குகிறார் என்று கொள்வோம். கார்டு எண்ணை இடுகிறார். அவருடைய வங்கி அவரைச் சரிபார்க்கிறது. இணையத்தில் கார்டைப் பயன்படுத்துவோர் இவ்வாறு இரண்டாவது சரிபார்ப்புக்கு உட்படவேண்டும் என்ற விதியை ரிசர்வ் வங்கி 2009 ஆகஸ்ட் முதல் நடைமுறைப்படுத்தியது. பின்னர் அந்தப் பணம் கார்டு அமைப்பின் வழியாகவும், விற்பவர் சார்பிலுள்ள வங்கியின் வழியாகவும், இவற்றையெல்லாம் இணைத்து வைக்கும் பேமென்ட் கேட்வே நிறுவனத்தின் வழியாகவும் வந்து, இரண்டொரு வேலை நாட்களில் அம்மையாரின் கணக்கில் சேர்கிறது. கேட்வே என்பதைப் ‘பணவாயில்’ என்று மொழிபெயர்த்துவிடலாம். ஆனால் வங்கிக்குச் சென்று பணவாயில் எங்கே என்று கேட்டால், காவலர் தெருக்கதவைத்தான் காட்டுவார். ஆகவே வழக்கிலுள்ள சொல்லையே கையாள்கிறோம்.

இவ்வளவு பேர் கைமாறுவதற்குக் கட்டணம் உண்டு. விகிதம் நிறுவனத்திற்கு நிறுவனம் வேறுபடும். கணக்கு எளிதாயிருக்கும் பொருட்டு நூற்றுக்கு 2 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 500 ரூபாய்க்குக் கட்டணம் 10 ரூபாய். அந்தக் கட்டணத்தின் மீது நூற்றுக்கு 18 வீதம் ஜிஎஸ்டி வரியும் சேர்வதாகக் கொண்டால், அது 1 ரூபாய் 80 காசு. ஆக 11 ரூபாய் 80 காசு கழிந்து, அம்மையாருக்குக் கிடைப்பது 488 ரூபாய் 20 காசு.

இனி, அந்தப் பொட்டலம் வழியில் உடைந்துவிட்டது. பணத்தைத் திருப்பித் தரவேண்டும். வாங்கியவருக்குச் சேரவேண்டியது முழு 500 ரூபாய். கையில் வந்ததோ 488 ரூபாய் 20 காசு. மிகுதி 11 ரூபாய் 80 காசை அம்மையார் தம் கையிலிருந்து போடவேண்டும். பணம் திரும்பிச் சென்றாலும் முதலில் எடுத்த கட்டணத்தைப் பல கேட்வே நிறுவனங்கள் திருப்பித் தருவதில்லை. இது ஒளித்து வைத்த செய்தியன்று; ஒப்பந்தத்தில் எழுதியே இருக்கும். ஆனால் நாற்பது பக்க ஆங்கில ஒப்பந்தத்தில் முப்பதாவது பக்கத்தை யார் படிக்கிறார்கள்?

11 ரூபாய் 80 காசு பெரிய தொகையா என்று கேட்கலாம். மிளகாய், தனியா, டப்பா, கூரியர் எல்லாம் போக ஒரு பொட்டலத்தில் மிஞ்சுவது 60 ரூபாய் என்றால், ஐந்து பேருக்குப் பணத்தைத் திருப்பினால் 59 ரூபாய் போயிற்று; ஒரு பொட்டலத்தின் இலாபம் முழுவதும் அதில் கரைந்தது. உடைந்த சரக்கின் விலையும் கூரியர் செலவும் தனி. சிறுகடைக்கு இது சிறு தொகையன்று.

விழா நடத்துவோர் நிலை இதனினும் கடினம். 400 இருக்கைகள், ஒவ்வொன்றும் 300 ரூபாய். வசூல் 1,20,000 ரூபாய். வித்துவானுக்கு உடல்நலமில்லை, கச்சேரி நடவாது என்றால் அனைவருக்கும் ஒரே நாளில் பணம் திரும்பவேண்டும். எல்லோரும் கார்டில் செலுத்தியிருப்பின், மேற்சொன்ன விகிதப்படி கட்டணம் 2,400 ரூபாய், வரி 432 ரூபாய், ஆக 2,832 ரூபாய் மன்றத்தின் கையை விட்டுப் போகும். ஒரு பாட்டும் கேளாமல் அத்தொகையைக் கொடுக்க மன்றத்தின் பொருளாளர் முன்கூட்டியே ஆயத்தமாயிருக்கிறாரா என்பதே கேள்வி.

யூபிஐ இருக்கும்போது இத்தொல்லை ஏன் என்று நேயர்கள் சிலர் எண்ணக்கூடும். 2016ஆம் ஆண்டு தொடங்கிய யூபிஐ, சிறுவணிகருக்குப் பேருதவி என்பதில் ஐயமில்லை. வங்கிக் கணக்கிலிருந்து யூபிஐ வழியாகவும், ரூபே டெபிட் கார்டு வழியாகவும் வரும் தொகைக்கு வணிகரிடம் எம்டிஆர் என்னும் கழிவு வாங்கலாகாது என்ற ஏற்பாடு 2020 ஜனவரி 1 முதல் நடப்புக்கு வந்தது. ஆனால் கவனிக்கவேண்டியது ஒன்றுண்டு. 2022 முதல் ரூபே கிரெடிட் கார்டையும் யூபிஐயுடன் இணைக்க வழி ஏற்பட்டுவிட்டது. ஆகவே ஒரே க்யூஆர் படத்தை இருவர் தட்டினாலும், ஒருவர் பணம் சேமிப்புக் கணக்கிலிருந்தும், மற்றவர் பணம் கடன் கார்டிலிருந்தும் வரலாம். இரண்டிற்கும் கட்டணம் ஒன்றாக இராது. அன்றியும், கேட்வே நிறுவனம் தன் சேவைக்கெனத் தனிக் கட்டணம் கேட்பதும் உண்டு. ‘யூபிஐ இலவசம்’ என்ற ஒரு வரியை நம்பி விலை நிர்ணயிப்பது கூடாது.

நிற்க. இவற்றையெல்லாம் கடை திறக்குமுன் எவ்வாறு அறிவது?

கேட்வே நிறுவனங்கள் சோதனைக்கென்றே ஓர் ஏற்பாடு வைத்திருக்கின்றன. அதில் உண்மைப் பணம் நடமாடுவதில்லை. பொய்க் கார்டு எண்களை அவர்களே கொடுப்பார்கள். ஸ்ட்ரைப் என்னும் நிறுவனத்தின் 4242 4242 4242 4242 என்ற எண் இணையக் கடை கட்டும் இளைஞர் அனைவருக்கும் மனப்பாடம். அந்த எண்ணை இட்டால் பணம் வந்ததாகவே இயந்திரம் நடிக்கும். வேறு சில எண்களை இட்டால் வங்கி மறுத்துவிட்டதாக நடிக்கும். நாடகத்திற்கு ஒத்திகை போன்றது இது. பொத்தான்கள் சரியாக இயங்குகின்றனவா, ரசீது வருகிறதா, மறுக்கப்பட்ட வாடிக்கையாளருக்கு என்ன சொல் காட்டப்படுகிறது என்பனவற்றை இவ்வொத்திகையில் பார்த்துவிடலாம், பார்க்கவும் வேண்டும்.

ஆனால் ஒத்திகையில் அரங்கிற்கு வாடகை இல்லை. பொய்ப் பணத்திலிருந்து யாரும் கழிவு எடுப்பதில்லை. பொய்ப் பணம் எந்த வங்கிக்கும் போய்ச் சேர்வதில்லை. எவ்வளவு கழிந்தது, எத்தனை நாளில் சேர்ந்தது, திருப்பித் தந்தபோது எவ்வளவு குறைந்தது, வாடிக்கையாளருக்கு எப்போது கிடைத்தது என்ற நான்கு கேள்விகளுக்கும் ஒத்திகையில் விடை கிடையாது. அதற்கு உண்மைப் பணத்தைக் கொண்டே ஒரு முறை நடந்து பார்க்கவேண்டும். கடை கட்டித் தரும் இளைஞர்கள் ஒத்திகையோடு தம் வேலை முடிந்தது என்று பை எடுத்துக்கொண்டு போய்விடுவது வழக்கம். அவர்கள் மேல் குறையில்லை, கணக்கு அவர்களுடையதன்று.

உண்மைப் பணச் சோதனை என்றதும் பலரும் ஒரு ரூபாயைச் செலுத்திப் பார்க்கிறார்கள். ஒரு ரூபாய் சென்று சேர்ந்தது, திரும்பியும் வந்தது, எல்லாம் சரி என்று மகிழ்கிறார்கள். ஒரு ரூபாயில் நூற்றுக்கு இரண்டு என்பது இரண்டு காசு. அதன்மேல் வரி அரைக்காசுக்கும் குறைவு. அத்தகைய சிறு எண் முழுமையாக்கலில் மறைந்துபோகும். கட்டணம் இருப்பதே கண்ணில் படாது. ஆகவே உண்மையான சரக்கின் உண்மையான விலையைச் செலுத்திப் பார்ப்பதே முறை. 500 ரூபாய்ப் பொட்டலமாயின் 500 ரூபாய். கார்டில் நான்கு முறை வாங்கி, நான்கையும் திருப்பித் தந்து பார்த்தால், நாம் கூறிய விகிதப்படி ஆகும் செலவு 47 ரூபாய் 20 காசு. கடையின் ஆயுள் முழுவதற்கும் வேண்டிய கணக்கை இவ்விலைக்குக் கற்றுக்கொள்ளலாம்.

இங்கே ஓர் எச்சரிக்கை வேண்டும். தம் கடையில் தம் கார்டையே தேய்த்துக்கொள்வதைச் சில கேட்வே நிறுவனங்கள் ஒப்பந்தத்தில் தடுத்திருக்கின்றன. கடன் கார்டிலிருந்து ரொக்கம் எடுக்கும் தந்திரமோ என்ற ஐயமே காரணம். ஆதலால் வெளியார் ஒருவரை உண்மையாகவே வாங்கச் செய்வது நல்லது. வேறு ஊரில் இருப்பவர், வேறு வங்கிக் கணக்கு உடையவர், கடை கட்டியதில் பங்கு கொள்ளாதவர் சிறந்தவர். கடையைக் கட்டியவருக்கு எந்தப் பொத்தானை எப்போது தட்டவேண்டும் என்று தெரியும், வெளியாருக்குத் தெரியாது. அந்தத் தெரியாமையே நமக்கு வேண்டுவது.

அவ்வாறு வாங்குகிறவர் முதலில் ஒழுங்காக வாங்கட்டும். பிறகு வேண்டுமென்றே ஒழுங்கின்றி வாங்கட்டும். பணம் செலுத்தும் பொத்தானை இருமுறை தட்டிப் பார்க்கட்டும். ஒரே பொட்டலத்திற்கு இரு தொகை போகலாகாது. பாதியில் கைப்பேசியின் இணைப்பைத் துண்டிக்கட்டும். பணம் போன கணத்தில், ரசீது வருமுன், பக்கத்தை மூடிவிடட்டும். கைபேசி அழைப்பு வந்தால் நாம் அனைவரும் செய்வது அதுதானே.

இந்த இடத்தைச் சற்று நின்று பார்க்கவேண்டும். இணையக் கடைகளின் பெருந்துன்பம் இங்கேயே பிறக்கிறது. வாங்குபவர் கணக்கில் பணம் கழிந்துவிட்டது; கடைக்கோ செய்தி வரவில்லை. “அக்கா, பணம் போய்விட்டது, ரசீது வரவில்லையே” என்று அவர் தொலைபேசியில் கேட்கிறார். அக்காவின் திரையில் அப்படியொரு விற்பனையே இல்லை. இருவரும் உண்மையே பேசுகின்றனர். ஒருவரையொருவர் நம்புவதுதான் கடினமாயிருக்கிறது.

இதற்கு ஏற்பாடு ஒன்று உண்டு. வாங்குபவரின் பக்கம் மூடிப்போனாலும், கேட்வேயின் இயந்திரம் கடையின் இயந்திரத்திற்கு நேரே ஒரு செய்தி அனுப்பும். தொழில்நுட்பத்தார் அதனை வெப்ஹூக் என்பர். இச்செய்தி உடனே வரலாம், தாமதித்தும் வரலாம், ஒரே செய்தி இருமுறையும் வரலாம். தாமதித்து வந்தால் கடை அதை ஏற்று ரசீது தருகிறதா? இருமுறை வந்தால் இரண்டு பொட்டலம் கட்டிவிடாமல் இருக்கிறதா? செய்தி மெய்யாகவே கேட்வேயிடமிருந்துதான் வந்தது என்று அதன் முத்திரையைச் சரிபார்க்கிறதா, அன்றி யார் வந்து ‘பணம் கட்டியாயிற்று’ என்றாலும் நம்பிச் சரக்கைக் கொடுத்துவிடுகிறதா? கடை கட்டித் தருபவரிடம் இம்மூன்று கேள்விகளையும் கேட்டு, வாய்ச்சொல்லை ஏற்காமல், கண்முன் நடத்திக் காட்டச் சொல்லவேண்டும்.

செய்தி முற்றிலும் வராமலே போனால் வாங்குபவரின் நிலை என்ன? ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பரில் வெளியிட்ட சுற்றறிக்கை இதற்கு வழிவகுத்தது. இணையக் கடையில் கார்டிலிருந்தோ, வணிகருக்கு யூபிஐயிலிருந்தோ பணம் கழிந்தும் வணிகர்பால் உறுதி வந்து சேரவில்லையாயின், ஐந்து நாட்களுக்குள் அப்பணம் தானாகவே திரும்பவேண்டும். அதற்கு மேற்பட்டால் நாளொன்றுக்கு 100 ரூபாய் வீதம் ஈடு தரவேண்டும் என்று அது விதித்தது. இச்செய்தியைக் கடைக்காரர் அறிந்திருந்தால், தொலைபேசியில் கேட்பவருக்கு “எனக்கு ஒன்றும் தெரியாது” என்னாமல், “ஐந்து நாட்களுக்குள் தங்கள் கணக்கிற்கே திரும்பும், திரும்பாவிடில் தங்கள் வங்கியில் இன்ன விதியைக் கூறுங்கள்” என்று சொல்ல இயலும்.

மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நமக்கு இங்கே ஒரு சொற்சிக்கல் குறுக்கிடுகிறது. மேற்கூறியவாறு முடிவுறாத பரிமாற்றம் தானே திரும்புவது ஒன்று. முடிவுற்ற விற்பனைக்குப் பின் கடைக்காரர் மனமுவந்து பணத்தைத் திருப்புவது மற்றொன்று. ஆங்கிலத்தில் முன்னதை ரிவர்சல் என்றும் பின்னதை ரீஃபண்டு என்றும் வேறு பிரித்துச் சொல்வர். நாமோ இரண்டையும் ‘பணம் வாபஸ்’ என்று ஒரே சொல்லால் முடித்துவிடுகிறோம். வாபஸ் பாரசீகத்திலிருந்து வந்து, இந்திக்கும் தமிழுக்கும் பொதுவாகிவிட்ட நல்ல சொல்தான். ஆனால் இங்கே வேறுபாடு காசு சம்பந்தப்பட்டது. முன்னதில் விற்பனையே நிகழவில்லை, கடைக்காரருக்கு இழப்பில்லை. பின்னதில் பணம் ஒருமுறை முழுப் பயணம் வந்து, மறுமுறை முழுப் பயணம் திரும்புகிறது. முதற்பயணத்தின் கூலி கடைக்காரர் தலையில். ஆதலின் கடையின் பக்கத்தில் இவ்விரண்டையும் ‘தானே திரும்பும் தொகை’ என்றும், ‘நாங்கள் திருப்பித் தரும் தொகை’ என்றும் பிரித்து எழுதுவதே நலம்.

திருப்பித் தருவதைச் சோதிக்கும்போது முழுத்தொகையோடு நின்றுவிடலாகாது. ஐந்து டப்பாக்களில் ஒன்று மட்டும் உடைந்தால் 120 ரூபாய் மட்டும் திருப்பவேண்டியிருக்கும். இயந்திரம் அதை ஏற்கிறதா? மறுபடியும் ஒரு பகுதியைத் திருப்பினால் கூட்டுத்தொகை விற்ற விலைக்கு மேற்போகாமல் தடுக்கிறதா? இன்னொன்று: வசூலான தொகை முழுவதும் வங்கிக்குச் சென்றுவிட்டபின் கேட்வேயின் இருப்பில் ஒன்றுமிராது. அப்போது திருப்பித் தரக் கட்டளையிட்டால் சில நிறுவனங்கள் அடுத்த விற்பனை வரும்வரை அதை நிறுத்தி வைக்கும். விற்பனை மந்தமான மாதத்தில் வாடிக்கையாளர் பணம் அப்படியே தொங்கும். கையிருப்பு சிறிது விட்டு வைக்க இயலுமா என்பதைக் கேட்டுத் தெளிதல் வேண்டும்.

விரைவாகத் திருப்பித் தருவதற்குத் தனிக் கட்டணம் வாங்குவோரும் உளர். சாதாரண முறையில் கார்டுக்குப் பணம் சேர ஐந்து முதல் ஏழு வேலை நாட்கள் ஆவது வழக்கம். இந்நாட்கணக்கை வெளியார் ஒருவரின் வங்கிப் பட்டியலில் கண்ணால் கண்டபின்னரே நம் கடைப் பக்கத்தில் எழுதவேண்டும். அப்பட்டியலில் இன்னொன்றையும் பார்க்கவேண்டும்: நம் கடை எந்தப் பெயரில் தோன்றுகிறது? கடையின் பெயர் ஒன்றாயும், வங்கியில் பதிந்த பெயர் வேறாயும் இருப்பின், மாதக் கடைசியில் பட்டியலைப் பார்க்கும் வாடிக்கையாளர், “இது யாருக்குப் போன பணம்?” என்று திடுக்கிட்டு வங்கியில் புகார் செய்துவிடுவார். வங்கி பணத்தைப் பிடுங்கிக் கொடுத்துவிடும். சரக்கும் போய், பணமும் போய், அபராதக் கட்டணமும் சேரும். ஒரு பெயரைத் திருத்துவதால் தடுக்கக்கூடிய இழப்பு அது.

திருப்பும் பணம் எங்கே போகவேண்டும் என்பதிலும் ஒழுங்கு உண்டு. வாங்கியவர் வேறு வழிக்கு வெளிப்படையாக இசைந்தாலன்றி, வந்த வழியிலேயே பணம் திரும்பவேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2020 மார்ச்சில் வெளியிட்ட நெறிமுறைகள் கூறின. “கார்டில் கட்டினேன், என் மைத்துனரின் எண்ணிற்கு யூபிஐயில் அனுப்பிவிடுங்கள்” என்று யாரேனும் கேட்டால், தயவு தாட்சணியம் பாராமல் மறுப்பதே பாதுகாப்பு. பின்னர் அவரே கார்டு வங்கியிலும் புகார் செய்து இரண்டாம் முறை பெற்றுக்கொள்ள இடமுண்டு. மறுபுறம், வாங்குவோரும் ஒன்றை நினைவில் வைக்கவேண்டும்: பணம் பெறுவதற்கு ரகசியப் பின் எண்ணை யாரும் இடவேண்டியதில்லை. ‘தங்கள் பணம் திரும்ப வரப் பின் எண்ணை இடுங்கள்’ என்று சொல்பவன் திருடன்.

இனி, திரும்பாத கட்டணத்தை யார் தாங்குவது? வாங்கியவரிடமிருந்தே பிடித்துக்கொள்ளலாமே என்று தோன்றும். ரயில் பயணச்சீட்டை இணையத்தில் ரத்து செய்யும்போது ஐஆர்சிடிசியின் வசதிக் கட்டணம் திரும்புவதில்லை என்பது, ஆண்டுதோறும் ஊருக்குச் செல்லும் நம் அனைவருக்கும் தெரிந்ததே. அது சீட்டு எடுக்கும்போதே தனி வரியாகக் காட்டப்படுகிறது என்பதைக் கவனிக்கவேண்டும். முன்பு சொல்லாமல் பின்பு பிடிப்பது வேறு விஷயம்.

2020 ஜூலையில் அறிவிக்கப்பட்ட நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகள் இதில் ஓர் அழகான நியாயத்தைப் புகுத்தின. வாடிக்கையாளர் உறுதி செய்தபின் ரத்து செய்தால் அவரிடம் ரத்துக் கட்டணம் வாங்கவேண்டுமாயின், கடை தானாக ரத்து செய்யும்போதும் அதே போன்ற கட்டணத்தைத் தான் தாங்கவேண்டும்; இல்லையேல் வாங்கலாகாது. பழுதான சரக்கைத் திரும்பப் பெற்றுப் பணத்தைத் தர மறுப்பது, ரசீதில் கால எல்லை குறிக்காதவிடத்து முப்பது நாட்களுக்குள் தராமலிருப்பது ஆகியவை முறையற்ற வணிகம் என்று 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வகுத்தது. வீட்டுச் சமையலறையில் நடக்கும் கடைதானே, சட்டம் நம்மை என்ன செய்யும் என்று இருந்துவிடலாகாது. 1915 என்ற எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி மையத்தை எந்த வாடிக்கையாளரும் அழைக்கலாம்.

நம் கருத்தில், சிறுகடைக்கு ஏற்ற வழி, இக்கட்டணத்தைச் சரக்கின் விலையிலேயே முன்கூட்டி அடக்குவதாகும். நூறு பொட்டலத்தில் நான்கைந்து திரும்பும் என்று கொண்டு, பொட்டலத்திற்கு ஒரு ரூபாய் கூட்டினால் இக்கட்டண இழப்பு தாராளமாக ஈடாகிவிடும். பணத்தைத் திருப்பித் தரும்போது 11 ரூபாய் 80 காசைப் பிடித்துக்கொண்டு 488 ரூபாய் 20 காசு அனுப்பினால், கணக்குப்படி சரியாயிருக்கலாம். ஆனால் உடைந்த டப்பாவைப் பெற்றவர் அதை மறக்கமாட்டார். அயலூரில் தமிழர் கூட்டம் சிறிது; கோயிலில் ஒருவர் சொன்னால் மாலைக்குள் அனைவரும் அறிவர். விழா நுழைவுச்சீட்டு மட்டும் வேறு வகை. அங்கே ஒரே நாளில் அனைவருக்கும் திருப்பவேண்டி நேரலாம் என்பதால் விலையில் சிறிது கூட்டுவது போதாது. அதற்கென ஒரு தொகையை மன்றத்தின் வைப்பில் ஒதுக்கவேண்டும்; அல்லது வங்கிக் கணக்கு யூபிஐயில் மட்டும் சீட்டு விற்கவேண்டும்.

இன்னொரு வசதியும் உண்டு. சில கேட்வேக்களில் கார்டுத் தொகையை உடனே எடுக்காமல் பிடித்து மட்டும் வைத்து, சரக்கு கையிருப்பில் இருப்பதைப் பார்த்தபின் உறுதி செய்யலாம். உறுதி செய்யாவிடில் தொகை தானே திரும்பும். அவ்வகையில் கட்டணம் எழுமா என்பதை நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டுப் பெறவேண்டும். மாவடு தீர்ந்துபோன பின்னரும் ஆணைகள் வந்துகொண்டிருக்கும் கடைகளுக்கு இது மிகவும் பயன்படும்.

சோதனைக்குச் சில வாரங்கள் ஒதுக்குவது போதும். முதல் வாரத்தில் ஒத்திகை எண்களைக் கொண்டு எல்லாக் கோணங்களையும் பார்த்துவிடலாம். இரண்டாம் வாரத் திங்களன்று, வெவ்வேறு வங்கிகளில் கணக்குள்ள நான்கு வெளியார், ஒருவர் டெபிட் கார்டிலும், ஒருவர் கடன் கார்டிலும், ஒருவர் யூபிஐயிலும், ஒருவர் இணைய வங்கியிலும் உண்மை விலைக்கு வாங்கட்டும். புதன் அல்லது வியாழனன்று எவ்வளவு வந்து சேர்ந்தது என்பதை ஒரு நோட்டுப் புத்தகத்தில் காசு வரை எழுதிக்கொண்டு, அன்றே இருவருக்கு முழுத்தொகையும், இருவருக்குப் பகுதித்தொகையும் திருப்பவேண்டும். அவர்கள் கணக்கில் பணம் ஏறிய நாளையும், கேட்வேயின் பட்டியலில் கழிந்த தொகையையும் அதே பக்கத்தில் குறிக்கவேண்டும். நால்வருடைய பணமும் சேர்ந்து, நோட்டுப் புத்தகமும் பட்டியலும் காசு பிசகாமல் ஒத்துவந்த பின்னர், கடையின் முகவரியை உறவினர்க்கு அனுப்பலாம். அந்நால்வருக்கும் ஆளுக்கொரு டப்பா பொடி இலவசமாக அனுப்பிவிடுவது மரியாதை.